அரைப் பேர்

எலும்பு முறிவு வார்டுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, தகடு எப்படிப் பூட்டுவார்கள், எத்தனை ஸ்குரூ போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதை டாக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். தியேட்டர் கதவு திறந்து ட்ரொலி வெளியே வருகிறது பாருங்கள், அங்கேயிருந்துதான் நம்முடைய வேலை ஆரம்பம். ஆபரேஷன் மேசையில் செத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆபரேஷன் அருமையாக முடிந்து, எக்ஸ்ரே படமும் அழகாக வந்து, அதற்குப் பிறகு கட்டிலில் கிடந்து செத்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இதைச் சொல்ல வந்தேன். பென்ஷன் வாங்குகிற கிழட்டு நர்ஸ் என்ன சொல்லப் போகிறாள் என்று போனை நோண்டிக்கொண்டிருக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

இடுப்பு முறிந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். மழையில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துப் படிக்கட்டில், சறுக்கி விழுவார்கள். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போய் விழுவார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறியும். தகடு போட்டு நிமிர்த்தி விட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகுதான் வினையெல்லாம் வரிசையாக வரும். நெஞ்சில் சளி கட்டும். கெண்டைக்காலில் ரத்தம் உறையும். முதுகில் புண் வைக்கும். சிலருக்கு ஸ்குரூ எலும்பை அறுத்துக்கொண்டு வரும். சிலருக்குத் தகட்டைச் சுற்றிச் சீழ் பிடிக்கும். எனக்கு எப்போதும் இந்தக் கடைசி வியாதி மேல்தான் பயம். மேலே தையல் காய்ந்து நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், அடியில் வெந்துகொண்டிருக்கும். எக்ஸ்ரே படத்தில் சீழ் தெரியாது.

காய்ச்சல், வலி, வீக்கம் என்று அதற்கு அடையாளங்கள் இருக்கின்றன, பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். ஆனால் நம் தோட்டத்துச் சனங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அது தெரியாவிட்டால் நீங்கள் படித்த அடையாளம் ஒன்றும் கண்ணில் படாது.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து எடுத்தவர். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி ஒவ்வொரு முகமாகப் பார்த்து யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். வேலை முழுதாகச் செய்தால் முழுப் பேர் விழும். பாதியில் நின்றால் அரைப் பேர். பேர் என்றால் அந்த நாள் சம்பளம். உடம்பு சரியில்லை என்று பெரட்டில் வாய் திறந்தால் "நடிக்கிறியா?" என்கிற கேள்விதான் முதலில் வரும். அதனால் என் அம்மாவுக்குக் காய்ச்சல் கொதித்தாலும் களத்தில் நிற்கும்போது முதுகு நிமிர்ந்துவிடும். கேட்டால் சுகமாக இருக்கிறேன் என்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருண்டு படுப்பார்.

இப்போது நம் வார்டில் காலை ரவுண்டை நினைத்துப் பாருங்கள். பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் சின்ன டாக்டர்மார், மாணவர்கள், நாங்கள். எல்லாரும் கட்டில் காலடியில் வரிசையாக நின்றுகொண்டு, படுத்திருக்கிறவரைக் குனிந்து பார்க்கிறோம். "வலி இருக்கா?" தமிழ் தெரியாத டாக்டர்கூட இந்த இரண்டு வார்த்தையை முதல் வாரத்திலேயே பாடமாக்கிவிடுவார். நம் ஆட்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். "இல்லீங்க தொரை. சொகமா இருக்கேங்க." எங்கள் பெரிய டாக்டர் கீழ்நாட்டுச் சிங்களவர், நல்ல மனிதர். நான் தோட்டத்துத் துரை இல்லை, டாக்டர் என்று சிரித்துக்கொண்டே திருத்துவார். அடுத்த கட்டிலிலும் துரைதான்.

இப்படிப் பெரட்டில் நின்ற ஆட்கள் பொய் சொன்னதை ஆயிரம் தரம் பார்த்தவள் நான். ஆனால் பெரட்டு எடுத்த ஆளே ஒருநாள் வந்து படுத்தார். இந்தக் கதை அவருடையது.

நல்ல உயரம், நரைத்த மீசை, எழுபதைத் தாண்டிய வயது. வேலையை விட்டு வருஷக்கணக்காகியும் எல்லாருக்கும் அவர் கங்காணிதான். கோயில் படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு வந்தார். ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. மறுநாளே நடைவண்டியைப் பிடித்து நிற்க வைத்தபோது ஒரு முனகல் இல்லை. காலையில் முகம் கழுவி, விபூதி பூசி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். எதிர்க் கட்டிலில் யாராவது வலியில் சத்தம் போட்டால் "என்னடா பொம்பளப் புள்ள மாதிரி கத்துற" என்று இங்கிருந்தே ஏசுவார். நான் போய் ஒருநாள் "கங்காணி, இது ஒங்க பெரட்டு இல்ல, என் வார்டு. ஏசுறதா இருந்தா நான்தான் ஏசணும்" என்றேன். "சரிங்க மிஸ்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் வேலு. அதே தோட்டத்து ஆள், ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். மரம் வெட்டும்போது கணுக்கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தார். வார்டில் எல்லாரிடமும் பேசுவார், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் நாலு கட்டிலுக்கு நீட்டுவார். கங்காணி பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே தூங்குவார்.

வேலுவைப் பார்க்க வந்த அவர் மனைவி செல்லம்மா ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"எங்க ஆளுக்கு வேற கட்டில் ஒண்ணு கெடைக்காதா மிஸ்?"

"ஏன், இந்தக் கட்டிலுக்கு என்ன?"

"கட்டிலுக்கு ஒண்ணும் இல்லீங்க. பக்கத்துல இருக்கிற ஆளுதான்."

நான் விடவில்லை. நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கல்யாணமான புதிதில் முழுகாமல் இருந்தபோது ஒரு காலையில் அடிவயிற்றில் வலி. பெரட்டில் நின்று, இன்றைக்கு மலைக்குப் போக ஏலாது என்று இந்தக் கங்காணியிடம்தான் சொல்லியிருக்கிறார். கங்காணி "நடிக்கிறியா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். செல்லம்மா மழையில் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறினார். மத்தியானம் மலையிலேயே விழுந்தார். பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையே தங்கவில்லை.

"அவரு முன்னால சாப்பிடக்கூட மனசு வர மாட்டேங்குதுன்னு சொல்றாரு மிஸ்."

கட்டில் பட்டியலை எடுத்துப் புரட்டினேன். ஆனால் வார்டில் கட்டில் ஒன்றும் காலியில்லை. காலியானதும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, சொந்த வேலையாக இரண்டு நாள் லீவில் போனேன்.

திரும்பி வந்த காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சத்தம் இல்லை. எதிர்க் கட்டில்காரர் வலியில் அனத்திக்கொண்டிருந்தார், கங்காணி அவரை ஏசவில்லை. விபூதி பூசி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் முழு எடையும் நல்ல பக்கத்துப் பிட்டத்தில் இருந்தது. தேத்தண்ணி அப்படியே ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. தோட்டத்து ஆள் ஒருவர் காலைத் தேத்தண்ணியைத் தொடாமல் வைத்தால் நான் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போக மாட்டேன்.

"என்ன கங்காணி, மொகம் வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல மிஸ். சொகமா இருக்கேன். இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புவாங்கல்ல?"

தெர்மாமீட்டர் வைத்தேன், காய்ச்சல் இல்லை. கட்டைப் பிரித்தேன். தையல் ஒழுங்காக, ஈரமில்லாமல் இருந்தது. தோல் கொஞ்சம் உப்பி, தொட்டால் லேசாகச் சூடு. ஆபரேஷன் செய்த இடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லலாம். அதற்குள் ரவுண்ட் வந்துவிட்டது.

அன்று வெளியே நடையில் ஒரு பையன் தொடை முறிந்து ட்ரொலியில் காத்துக்கொண்டிருந்தான். கட்டில் வேண்டும். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், இரண்டு விரலால் அழுத்தினார்.

"வலி இருக்கா?"

"இல்லீங்க தொரை."

"நல்லது. இன்னைக்கு கெதர போகலாம்" என்று தனக்குத் தெரிந்த இரண்டு பாஷையையும் கலந்து சொன்னார். கெதர என்றால் வீடு என்பது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார்.

என் மனசு கேட்கவில்லை. "சார், ஒரு நாள் பொறுக்கலாமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"ஏன் சிஸ்டர்?"

"ஆள் மாறியிருக்கிறார்."

"என்ன மாற்றம்?"

"காலையிலிருந்து யாரையும் ஏசவில்லை."

பின்னால் நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் நடையில் கிடந்த பையனின் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "காய்ச்சல் இல்லை, காயம் சுத்தம், படம் சுத்தம், ஆளும் வலியில்லை என்கிறார். நான் எதை வைத்து நிறுத்துவது?" என்றார். நியாயமான கேள்வி.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் ஒரு அத்தாட்சியும் இல்லை, மேலே இருக்கிறவர் முடிவு சொல்லியாகிவிட்டது, உள்ளே மட்டும் ஏதோ உறுத்துகிறது. பத்துக்கு ஒன்பது தடவை அந்த உறுத்தல் வெறும் உறுத்தலாகவே போகும். வாய் திறந்தால் கேலி செய்வார்கள். அதற்காக மூடிக்கொண்டு நின்றால் பத்தாவது ஆளைச் சுமந்துகொண்டு போக வேண்டி வரும். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். நாங்கள் வார்டைச் சுற்றி வந்து போகிறவர்கள். இரவும் பகலும் கங்காணிக்குப் பக்கத்தில் கிடந்தவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறப்பாரா என்பதுதான் கேள்வி. அவர் திறக்காவிட்டால் எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்தேன். நிற்கவில்லை, உட்கார்ந்தேன்.

"வேலு, நான் ரெண்டு நாளா இங்க இல்ல. நீங்க இருந்தீங்க. கோள் சொல்லச் சொல்லல. கண்ணால பார்த்தத மட்டும் சொல்லுங்க."

வேலு முதுகைக் காட்டியபடியே கிடந்தார்.

"அவன்கிட்ட என்ன மிஸ் கேக்கிறீங்க" என்றார் கங்காணி. "அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல."

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். வேலு மெதுவாக எழுந்து, மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டார்.

"தொரை, அவர அனுப்பாதீங்க."

டாக்டர் நின்றார். வேலு சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன்.

"பகல்ல, பார்க்க வந்த ஆளுங்க போன பொறகு, கட்டிலு ஆடுற மாதிரி நடுங்குறாருங்க. கேட்டா குளிருன்னு சொல்லி கம்பளிய மூடிக்கிறாரு. எங்களுக்குத் தெரியாதா குளிரு? கக்கூசுக்குப் போறப்ப அந்தக் கால கீழ ஊனுறதில்ல. கம்பிய புடிச்சுப் புடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போறாரு. யாராவது வந்தா நிமிந்து நின்னுக்கிறாரு. நீங்க குடுக்கிற வலி மாத்திரைய முழுங்காம சேத்து வச்சுக்கிட்டு, காலையில நீங்க வர்றதுக்கு முந்தி ஒண்ணா போட்டுக்கிறாருங்க."

"பொய் சொல்றான்" என்றார் கங்காணி. சத்தம் வெளியே வரவில்லை.

எங்கள் ஊரில் நடுங்குவது யார் கண்ணிலும் படாது. மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஜன்னலுக்குள் வந்து உட்காரும். வார்டில் பாதிப் பேர் குல்லாவும் கம்பளியுமாகத்தான் கிடப்பார்கள். சீழ்க் காய்ச்சலின் நடுக்கமும் அதற்குள் ஒளிந்துகொண்டது. சேர்த்து வைத்த மாத்திரை, காலைக் காய்ச்சலையும் காலை வலியையும் ஒரே அடியாக அமுக்கியிருந்தது. ரவுண்ட் முடியும்வரை தாங்கினால் போதும் என்று மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார்.

டாக்டர் திரும்பி வந்தார். இந்தத் தடவை காயத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடையை அடியோடு பிடித்து அழுத்தினார். கங்காணி கும்பிட்ட கையைப் பிரித்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கத்தவில்லை. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்து மூக்கு வழியாக இறங்கியது.

அன்று பகலே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். போகும்போதே பிரஷர் இறங்க ஆரம்பித்துவிட்டது. தசைக்கு அடியில் தகட்டைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. கழுவி எடுத்தார்கள். பிறகும் ஒரு தடவை திறந்து கழுவ வேண்டி வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். அன்று தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "லயத்துக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார், சிஸ்டர்" என்றார். பிறகு நேரே வேலுவின் கட்டிலுக்குப் போய் "ஸ்தூதி" என்று சிங்களத்தில் நன்றி சொல்லி அவர் தோளைத் தட்டினார். வேலுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கங்காணி பிழைத்தார். வாரக்கணக்கில் ஊசி போட்டோம். கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது, கம்பு ஊன்றித்தான் வீட்டுக்குப் போனார். உயிரோடு போனார், அது போதும்.

அன்றிலிருந்து நான் ரவுண்டுக்கு முன்னால் ஒரு தடவை தனியாகப் போய் கட்டிலில் உட்காருவேன். வலி இருக்கா என்று கேட்க மாட்டேன். பீலிக்கு எத்தனை படி இறங்கணும், இந்தக் காலோடு இறங்குவீங்களா என்று கேட்பேன். அதற்குப் பொய் சொல்ல அவர்களுக்கு வராது, படியை நினைத்ததும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு பக்கத்துக் கட்டிலையும் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். அடக்கமான நோயாளி, தொல்லையில்லாத நோயாளி என்று யாரையாவது நீங்கள் புகழ்ந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், அப்படிப்பட்டவரைப் போய் இன்னொரு தரம் பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தியேட்டரில் இருந்து வந்து இரண்டு மூன்று நாள் ஆகி, கங்காணிக்கு நல்ல நினைவு திரும்பியிருந்தது. பார்க்க வருகிற நேரம். செல்லம்மா வந்து, வழக்கம்போலக் கங்காணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலுவுக்குச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். நான் கங்காணியின் ஊசிக் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலு" என்றார் கங்காணி. அந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எதுக்குடா சொன்ன? நான் செத்தா ஒனக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க."

"பொறகு எதுக்கு?"

வேலு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"நீங்க கம்பளிக்குள்ள பல்லக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க. அன்னைக்குப் பெரட்டுல இவளும் இப்படித்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒங்களுக்குப் பயந்துக்கிட்டு வாய் தொறக்கல. இன்னொரு தரம் அப்படிக் கெடக்க என்னால ஏலாதுங்க."

செல்லம்மா புருஷனைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவரும் அதுவரை கேட்டதில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கங்காணி தலையைத் திருப்பிச் செல்லம்மாவின் முதுகைப் பார்த்தார். நான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் குழாயையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்று செல்லம்மாவைக் கூப்பிட்டார். "அன்னைக்கு ஒனக்கு என்ன பேரு போட்டேன்?"

செல்லம்மா திரும்பாமலே சொன்னார். "மத்தியானத்தோட விழுந்துட்டேன்னு அரைப் பேரு போட்டீங்க."

அவர் அழுவார் என்றுதான் நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மிஸ், வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குது மிஸ்."

நான் போய் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வந்தேன். அதற்குள் வேலு உட்கார்ந்த இடத்திலிருந்தே சோறு படாத கையை நீட்டி, கங்காணியின் தலை நிமிர அவர் தலையணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.